பச்சை விளக்கு அணைந்த பிறகு

காலாண்டுத் தேர்வு முடிந்து நாற்பத்து மூன்று நாட்கள் ஆகியும் கணக்குத் தாள் வரவில்லை. எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். ஜெர்மனியில் எங்கள் சரக்கை வாங்கும் பையர் காலையில் ஒரு நீலத்தைக் கேட்டால், சாயப்பட்டறையில் நான்கு துண்டுத் துணிகளை நனைத்து, உலர்த்தி, வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்து, சாயங்காலத்துக்குள் பதில் அனுப்பிவிடுவேன். ஒரு நாள் தாமதித்தால் விமானத்தில் அனுப்பச் சொல்வார்கள். இரண்டு நாள் தாமதித்தால் ஆர்டரே போய்விடும். இப்படிப் பதினெட்டு வருடங்கள் வாழ்ந்த ஒருத்தியிடம், ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாளைத் திருத்த நாற்பத்து மூன்று நாள் போதவில்லை என்றால் அவள் என்ன செய்வாள்?

"டீச்சர் திருத்திட்டு இருக்காங்கம்மா," என்பாள் நிறைமதி. அவள் என் ஒரே மகள்.

"என்னத்தத் திருத்தறாங்க, அரசியல் சாசனத்தையா?"

இப்போது யோசித்தால் என் எரிச்சல் முழுவதும் தாளுக்காக இல்லை என்று படுகிறது. காலை எட்டு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வருகிறவள் நான். மகளைப் பற்றிய செய்தி எனக்கு அந்தத் தாளில்தான் வரும். அவள் எப்படி இருக்கிறாள் என்பதை நூற்றுக்கு இத்தனை என்று யாராவது சொன்னால் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியைத்தான் கமலவேணி டீச்சர் நாற்பத்து மூன்று நாளாகத் தராமல் வைத்திருந்தார்.

பெற்றோர் கூட்டத்தில் அவர் ஐந்து வகுப்புகளின் தாள் கட்டுகளோடு வந்து நின்றார். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, விரலில் சிவப்பு மை.

"ஏனுங்க டீச்சர், கொழந்தைக அடுத்த பரீட்சைக்கே ரெடியாயிட்டாங்க. இனி இந்தத் தாள் வந்து என்ன பண்றது? வடை கட்டறதா?" என்றார் பேக்கரிக்காரர் பழனியப்பன். கூட்டம் சிரித்தது.

"தப்பு விட்டிருக்காங்கன்னு சுழிக்கிறதுக்கு ஒரு நிமிசம் போதுங்க," என்றார் டீச்சர். "எந்த எடத்துல தப்பாச்சுன்னு தேடறதுக்குத்தான் நேரமாகுது. இருநூத்திப் பத்து தாளுங்க."

"எங்க கம்பெனியில பத்தாயிரம் பீஸு ஒரு நாள்ல செக் ஆகி வண்டி ஏறுதுங்க டீச்சர்," என்றேன் நான்.

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். தாள் கட்டுகளை எடுத்துக்கொண்டார். மறுநாள் நான் மனு எழுதினேன். இருநூற்றுப் பதினோரு பெற்றோர்கள் கையெழுத்திட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. அந்த ஊக்கத்தில் என்னைப் பெற்றோர் சங்கச் செயலாளராகவும் ஆக்கிவிட்டார்கள்.

அப்படித்தான் 'நொடி' எங்கள் பள்ளிக்கு வந்தது.

பார்க்கச் சாதாரணப் பரீட்சை அட்டை போலத்தான் இருக்கும். அதன்மேல் தாளை வைத்து எழுத வேண்டும். பேனா நகர நகர அட்டை படித்துக்கொள்ளும். படிக்கும்போது மூலையில் ஒரு பச்சை விளக்கு எரியும். தாள்களைப் பழையபடி நூலால் கட்டி, அரக்கு வைத்து, அறையில் அடுக்கிவிடுவார்கள். மதிப்பெண்ணும் ஒரு வரிக் குறிப்பும் பெற்றோரின் போனுக்கு வரும்.

அந்த வருட அரையாண்டுத் தேர்வில் மூன்றே நாளில் மதிப்பெண் வந்தது. ஒரு வாரம் கொண்டாடினோம். அடுத்த தேர்வுக்கே பெற்றோர் குழுவில், "மூணு நாளா? மெஷினுக்கும் கமலவேணி டீச்சர் காத்து அடிச்சிருச்சா?" என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நானும் சிரிப்புப் படம் போட்டேன்.

'நொடி' கம்பெனியிலிருந்து புகழேந்தி என்ற இளைஞர் விளக்கம் சொல்ல வந்தார்.

"மாநிலம் பூரா ஒரே வாரத்துல பரீட்சை வெக்கிறாங்க மேடம். லட்சக்கணக்கான தாள். ஒவ்வொரு வரியையும் படிச்சு, பையன் எப்படி யோசிச்சான்னு பின்னாடியே போய்ப் பாக்கணும். தாளெல்லாம் வரிசையில நிக்குது. அதான் மூணு நாள்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். அதை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

"எல்லா வரியையும் எதுக்குங்க படிக்கறீங்க? நாங்க பத்தாயிரம் பீஸையும் பிரிச்சுப் பாக்கறதில்லீங்க. ஒண்ணாத் தெச்ச ஒரு லாட்டுக்கு இத்தனை பீஸுன்னு உருவிப் பாப்போம். எந்த மெஷின்ல, எந்த டெய்லர் தெச்சதுன்னு தெரிஞ்சா மிச்சம் எப்படியிருக்கும்னு சொல்லிரலாம். உங்ககிட்டத்தான் ஒவ்வொரு கொழந்தையோட பழைய தாளும் இருக்குதில்ல?"

புகழேந்தி குறிப்பேட்டை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆறாம் வகுப்புல இருந்து இருக்குங்க மேடம்."

"அப்புறமென்ன?"

"முதல் பக்கம் மட்டும் படிச்சாலே போதும்னு எங்க டீம்லயும் ஒரு பேச்சு இருக்கு. நூத்துக்கு ரெண்டு மூணு மார்க்தான் வித்தியாசம் வருது. பேரண்ட்ஸ் ஒத்துக்குவாங்களான்னுதான்..."

"நாங்க ஒத்துக்கறோம்," என்றேன். கூடவே பெரிய மனுஷித்தனமாக ஒரு விதியையும் சேர்க்கச் சொன்னேன். எங்கள் தொழிலில், பொறுக்கி எடுத்ததில் ஒரு பீஸ் பழுதாக இருந்தால் லாட் முழுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதேபோல எந்தப் பெற்றோராவது கேட்டால் ஒரு ஆசிரியர் தாளைப் படிக்க வேண்டும். பத்து மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த வகுப்பின் அந்த வருடத் தாள்கள் எல்லாவற்றையும் கையால் திருத்த வேண்டும். அப்படி ஒன்று நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. நல்ல ஒப்பந்தத்தில் அந்த மாதிரி ஒரு வரி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கமலவேணி டீச்சரைத் தாள் அறைக்குப் பொறுப்பாகப் போட்டார்கள்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. அந்த இரண்டு மாதங்களும் நிறைமதி மாறிப் போயிருந்தாள். அவளுக்குப் பாலம் கட்டும் படிப்புக்குப் போக வேண்டும். ஆறாம் வகுப்பில் நொய்யல் பாலத்தைத் தாண்டும்போது, "இத்தனை தூணு போதும்னு யாரும்மா சொன்னாங்க?" என்று கேட்டவள். பதினொன்றில் கணக்கு குரூப் கிடைக்க எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வுகளில் சராசரியாக அறுபத்தைந்து வேண்டும். அவள் எப்போதும் அறுபது, அறுபத்தொன்று. 'நொடி' ஒவ்வொரு முறையும் ஒரே குறிப்பைத்தான் அனுப்பும்: குறிகளில் கவனம் தேவை. கூட்டல், கழித்தல் குறிகளை மாற்றிப் போடுவது அவளுக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே உள்ள பழக்கம். அந்த வரியை ஒரு காகிதத்தில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டிக்கொண்டு படித்தாள். நான் வீடு வரும்போது மேஜை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சாப்பிடக் கூப்பிட்டால், "இரும்மா, ஒண்ணு மட்டும்," என்பாள்.

கணக்குத் தேர்வன்று காலை நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். பத்து நாற்பதுக்குப் போன் அதிர்ந்தது. நிறைமதி, கணக்கு, 61. குறிகளில் கவனம் தேவை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜைக்குக் கீழே வைத்து அவளுக்குச் செய்தி அனுப்பினேன்: "ரெண்டு மாசம் கதவச் சாத்திட்டு என்னதான் படிச்சே?"

அவள் அதை மதியம் ஒன்றேகாலுக்குப் படித்திருக்கிறாள். இரவு என் முன்னால் வந்து நின்றாள்.

"ம்மா, மணியப் பாத்தியா? பத்து நாப்பது. ஒரு மணி வரைக்கும் பரீட்சை. நான் அப்ப ரெண்டாவது பக்கந்தான் ஆரம்பிச்சிருந்தேன்."

"சாக்குச் சொல்லாத மதி."

"சாக்கு இல்லம்மா. மொதப் பக்கம் முடிஞ்சதும் பச்ச லைட்டு அணைஞ்சிருது. எல்லாத்துக்கும் அப்படித்தான். எங்க கிளாஸ்ல எல்லாத்துக்கும் தெரியும்."

"மொதப் பக்கத்த ஒழுங்கா எழுத வேண்டியதுதான?"

"அதுல ஒரு மார்க் கேள்விதாம்மா. நான் படிச்சதெல்லாம் பின்னாடி இருக்குது."

எனக்குத் தெரியாததா? முதல் பக்கம் போதும் என்று சொன்னவளே நான்தான். ஆனால் சொன்னபோது அது யார் யாரோ பிள்ளைகளின் தாளாக இருந்தது. ஒரு லாட்டாக இருந்தது. இப்போது அந்த லாட்டுக்குள்ளிருந்து ஒரு பீஸ் எழுந்து வந்து எதிரில் நின்று பேசினால், அதைப் புரிந்துகொள்ளும் பக்குவம் எனக்கு அன்றைக்கு இல்லை. பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு இல்லை. "அடுத்த தடவ பாத்துக்கலாம் கண்ணு," என்று சொல்லித் தட்டைக் கழுவப் போட்டேன்.

அவள் அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. மேஜைக்கு மேலே ஒட்டியிருந்த காகிதத்தைக் காணவில்லை. விளக்கும் சீக்கிரம் அணைந்தது. முதல் திருப்புதல் தேர்வு முடிந்ததும், "எப்படி எழுதினே?" என்றேன். "மார்க்குதான் வந்திருச்சே," என்றாள். அறுபத்தொன்று. குறிகளில் கவனம் தேவை.

இந்த முறை ஆத்திரம் மகள்மேல் வரவில்லை. 'நொடி' மேல் வந்தது. இரண்டு மாதம் பாடுபட்டாலும் அறுபத்தொன்று, படிக்காவிட்டாலும் அறுபத்தொன்று என்றால் என்ன அர்த்தம்? நான் எழுதிய விதியை நானே பயன்படுத்தினேன். கடைசித் தேர்வின் தாளுக்குத்தான் கேட்க முடியும். மகளின் திருப்புதல் தேர்வுத் தாளை ஆசிரியர் ஒருவர் படிக்க வேண்டும் என்று விண்ணப்பம் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை மதியம் கம்பெனியில் அனுமதி வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

தாள் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கமலவேணி டீச்சர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலில் மை இல்லை.

"வாங்க. விண்ணப்பத்தப் பாத்தேன். எத்தன நாளாகும்னு கேக்க மாட்டீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உக்காருங்க. சும்மா சொன்னேன். ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு, தாளப் பாக்கணும்னு வந்த மொத ஆளு நீங்கதானுங்க. இருநூத்திப் பதினோரு பேருல."

பிற்பாடுதான் உறைத்தது. எங்களில் ஒருவருக்கும் பிள்ளை எழுதியதைப் பார்க்கத் தோன்றவே இல்லை. மதிப்பெண் வந்துவிட்டதே!

அரக்கை உடைத்து, நூலை அவிழ்த்து, நிறைமதியின் தாளை உருவி எடுத்தார். முதல் பக்கத்தில் பதினான்கு ஒரு மதிப்பெண் கேள்விகள். பதினொன்று சரி. பக்கத்தைத் திருப்பினார்.

ஒன்றுமில்லை.

அடுத்த பக்கத்திலும் ஓரத்தில் கேள்வி எண்கள் மட்டும் அழகான கையெழுத்தில் வரிசையாக இருந்தன. பதினைந்து, பதினாறு, பதினேழு. ஒவ்வொன்றுக்கும் விடைக்கான இடத்தை அளந்து விட்டிருந்தாள். அந்த இடமெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. கடைசிப் பக்கத்தில், பெற்றோர் கையெழுத்துக்காக விடுவதுபோல, ஸ்கேல் வைத்து ஒரு புள்ளிக்கோடு போட்டிருந்தாள். அதன் கீழே எழுதியிருந்தது: இதைப் படித்தவர் கையொப்பம்.

டீச்சர் கட்டிலிருந்து அடுத்த தாளை எடுத்தார். அதற்கடுத்தது. நான் எண்ணவில்லை, அவர் எண்ணினார். "நாப்பத்திரண்டுல பத்தொம்போது. மொதப் பக்கத்தோட நிறுத்தியிருக்காங்க. ஒருத்தன் பாருங்க, கிரிக்கெட் ஸ்கோர் எழுதி வெச்சிருக்கான்."

"எம்பொண்ணு அரையாண்டுக்கு நெசமாவே படிச்சாங்க டீச்சர்." என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"நான் இல்லைன்னு சொன்னனா?"

எழுந்துபோய் அரையாண்டுக் கட்டை எடுத்து வந்தார். நிறைமதியின் தாள் முழுதாக எழுதியிருந்தது. கூடுதல் தாள் இரண்டு. டீச்சர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தார். அது எழுதவில்லை. உதறினார். உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். பிறகு படிக்க ஆரம்பித்தார்.

எனக்குக் கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம். இரண்டு குழாய்கள் சேர்ந்து ஒரு தொட்டியை நிரப்பும் கணக்கு ஒன்றுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் பதினேழு நிமிடம். பாதியில் நின்றார். மேலே போனார். ஒரு துண்டுத் தாளில் தானே போட்டுப் பார்த்தார். "இத நான் சொல்லித் தரல," என்று முனகினார். "புஸ்தகத்துலயும் இல்ல. ஆனா சரியாத்தான் வருது. எங்க புடிச்சா இத?"

"அதென்னங்க, சின்னச் சின்னதா வட்டம்?" என்றேன் நான்.

விடைகள் முழுவதும் இருந்தன. ஒவ்வொரு கழித்தல் குறியைச் சுற்றியும் பென்சிலால் ஒரு சிறு வட்டம். பக்கத்துக்கு இருபது, முப்பது. டீச்சர் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசிப் பக்கம் வரை போனார்.

"குறியில ஒரு தப்புக்கூட இல்லீங்க," என்றார்.

குறிகளில் கவனம் தேவை என்று சொன்னதற்கு என் மகள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறாள். அந்தப் பதிலுக்கு வந்த பதில், அவள் அதை எழுதத் தொடங்கும் முன்பே கிளம்பி என் போனுக்கு வந்துவிட்டது. அதை நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அவளைத் திட்டவும் செய்தேன்.

டீச்சர் பேனாவை மூடினார். "விண்ணப்பம் திருப்புதல் தாளுக்குத்தான். அதுக்கு நான் போட வேண்டிய மார்க் பதினொண்ணு. போட்டா, உங்க விதிப்படி வகுப்போட எல்லாத் தாளையும் கையால பாக்கணும். அரையாண்டும் அதுல வந்துரும். மொத்தமா எத்தன வருதுன்னு முழுசாப் பாத்தாத்தான் சொல்வேன். ஆனா இந்தப் பதினொண்ணு பதினொண்ணாவே நிக்கும். பத்தொம்போது கொழந்தைகளுக்கும் அதே கதிதான். குரூப் போடறதும் தள்ளிப் போகும்."

"இல்லீன்னா?"

"இல்லீன்னா வாபஸ் வாங்கிக்கங்க. அறுபத்தொண்ணு அப்படியே இருக்கும். நான் எதையும் பாக்கல, நீங்களும் பாக்கல. நாளைக்குக் காலைல சொல்லுங்க. நான் ஒரு வருசத்துக்கு மேல காத்திருந்தவ, ஒரு ராத்திரியில ஒண்ணும் ஆயிராது."

திருப்புதல் தாளை உறையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. அந்த நேரத்தில் என்னைப் பார்த்து நிறைமதி பயந்துவிட்டாள். "கம்பெனியில ஏதாவது பிரச்சனையாம்மா?"

நான் தாளை எடுத்து உணவு மேஜையில் வைத்தேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "யாரு படிச்சாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"கமலவேணி டீச்சரும் நானும்."

"கடைசிப் பக்கம் வரைக்குமா?"

"கடைசிப் பக்கம் வரைக்கும். உன்ற அரையாண்டுத் தாளையும் பாத்தேன். அந்த வட்டமெல்லாம் பாத்தேன்."

அவள் நாற்காலியின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "பென்சில் தேஞ்சே போச்சும்மா அன்னிக்கு," என்றாள்.

டீச்சர் சொன்ன இரண்டு வழிகளையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. பதினொன்று போட்டால் கணக்கு குரூப் கைநழுவலாம் என்றும் சொன்னேன். பெற்றோர் குழு என்னைக் கிழித்துத் தொங்கவிடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது என் பாடு.

"நான் எழுதினது பதினொண்ணுக்குத்தானம்மா," என்றாள். "மிச்சம் அம்பது யாரோட மார்க்கு?"

நான் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை காகிதத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறேன். புள்ளிக்கோட்டின்மேல் என் முழுப் பெயரையும் எழுதினேன். செண்பகவல்லி. காலைவரை காத்திருக்கவில்லை. டீச்சரைக் கூப்பிட்டு, பதினொன்றைப் பதியச் சொன்னேன்.

"யோசிச்சீங்களா?" என்றார்.

"லாட்டப் பிரிச்சிருங்க டீச்சர்."

அரை மணி நேரத்தில் பள்ளியிலிருந்து எல்லாருக்கும் அறிவிப்புப் போனது. குழுவில் செய்திகள் வந்து விழத் தொடங்கின. யார் இந்த வேலையைச் செய்தது, மறுபடியும் கையால் திருத்துவதா, இது எந்தக் காலம் என்று. பழனியப்பன் கேட்டிருந்தார்: "செயலாளர் மேடம், எத்தனை நாள் ஆகும்? தேதி சொல்லுங்க."

பதில் எழுத விரலை வைத்தபோது மேலே இன்னொரு செய்தி வந்தது. 'நொடி'யிடமிருந்து. புது வடிவத்துக்கு மாறியிருப்பதாகவும், இனி எந்தக் காத்திருப்பும் இருக்காது என்றும் ஒரு வணக்கம். அதற்குக் கீழே: நிறைமதி, கணக்கு, இரண்டாம் திருப்புதல் தேர்வு, 61. குறிகளில் கவனம் தேவை.

இரண்டாம் திருப்புதல் தேர்வு திங்கட்கிழமை.

போனை அவளிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தாள். பிறகு பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்த சத்தத்தைக் கேட்டேன்.

"அப்ப நான் திங்கக்கெழம போகோணுமா வேண்டாமா?"

"போ. போய் எல்லாத்தையும் எழுது. அந்த அட்டைய வாங்காத, பழைய மர அட்டை பரண்ல கெடக்குது. டீச்சர் படிப்பாங்க."

"எப்பம்மா வரும்?"

அந்தக் கேள்வியை இந்த வீட்டில் எப்போதும் நான்தான் கேட்டிருக்கிறேன். போன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. தேதி சொல்லுங்க, தேதி சொல்லுங்க.

"தெரியல கண்ணு," என்றேன். "நாளாகும்."

அவள் பரணிலிருந்து அட்டையை எடுக்க ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.